உட்கார்ந்தால் போய்விடும் கால்வலி: உங்களுக்கும் இப்படி இருந்ததா?

என் வயது 64. எனக்கு இருந்ததை நானே 'இடுப்புவலி' என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு வருடத்துக்கு மேல் வீணானது. உண்மையில் இடுப்பில் பெரிதாக வலியே இல்லை. கால்தான்.

நடக்க ஆரம்பித்து முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு பிட்டத்தில் ஒரு பிடிப்பு. அது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலுக்கு வரும்போது இரண்டு காலிலும் ஈரச் சாக்கைக் கட்டிவிட்ட மாதிரி கனக்கும். உள்ளங்கால் மரத்து, செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அதற்குமேல் ஓர் அடி வைக்க முடியாது. எங்காவது உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். வலி இருந்த சுவடே இருக்காது. எழுந்து நடந்தால் மறுபடி அதே ஐந்து நிமிடம்.

முதலில் பார்த்த மருத்துவர் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். வலிக்கவில்லை. எக்ஸ்ரேயில் "வயசுக்கேத்த தேய்மானம்" என்றார். மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் சொன்னதே அரைகுறை.

இரண்டாவதாகப் பார்த்தவர் கேட்ட கேள்வி வேறு. "எங்க வலிக்குதுங்கிறது இருக்கட்டும். என்ன செஞ்சா நிக்குது?" நான் யோசிப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "கடையில தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டா அரை மணி நேரம் நடப்பார் சார். வெறுங்கையோட வந்தா அஞ்சு நிமிஷத்துல உட்கார இடம் தேடுவார்." மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சைக்கிள் ஓட்ட முடிகிறதா என்று கேட்டார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டுவேன் என்றேன். ஏற்றமா இறக்கமா, எது கஷ்டம் என்றார். இறக்கம்தான். இத்தனை நாள் அது எனக்கே விநோதமாக இருந்தது.

முன்னால் குனியும்போது முதுகெலும்புக்குள் நரம்புகள் போகிற பாதை கொஞ்சம் விரிகிறது. நிமிரும்போதும், இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கும்போதும், பாதையின் பின்சுவரில் இருக்கிற தடித்த தசைநார் உள்ளே மடிந்து நரம்பை நெருக்குகிறது. தள்ளுவண்டி, சைக்கிள், ஏற்றம் மூன்றிலும் நான் குனிந்துதான் இருந்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் அந்தப் பாதை நன்றாகவே சுருங்கியிருந்தது. இந்தச் சுருக்கத்துக்கு ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்ற பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், முதலில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

*

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அம்மாவை நினைத்து அழுதேன். அவருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. அதனால் கால் மரத்துப்போகிறது என்றதும் "சர்க்கரைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் முடித்துவிட்டோம், நான் உட்பட.

சமையல் மேடையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் அம்மா வேலை செய்வார். "கூன் விழுந்துடும், நிமிர்ந்து நில்லும்மா" என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! அவர் நிமிர்வார், ஒரு நிமிடம் நிற்பார், என் தலை மறைந்ததும் பழையபடி சாய்ந்துகொள்வார். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நரம்பியல் மருத்துவர்தான் பிரித்துச் சொன்னார். சர்க்கரையால் வரும் எரிச்சலும் மரப்பும் பாதத்தில் தொடங்கும், இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி இருக்கும், ராத்திரி படுத்தபிறகு அதிகமாகும். உட்கார்ந்தாலும் நின்றாலும் அதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அம்மாவுக்கு நின்றால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. கடைசியில் அவருக்கு இரண்டுமே இருந்தது. ஒன்றின் நிழலில் இன்னொன்று ஒளிந்திருந்தது.

*

எனக்கும் நடந்தால் கெண்டைக்கால் வலி. ஸ்டெனோசிஸ் என்றே நினைத்துப் போனேன், அது இல்லை. எனக்கு உட்காரவே தேவையில்லை, நடப்பதை நிறுத்திச் சும்மா நின்றாலே வலி போய்விடும். சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். மருத்துவர் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார், பிறகு கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பல வருடம் புகைபிடித்தவன் நான். நின்றாலே போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். சில பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்குமாம்.

*

எல்லோரும் இடுப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கணவருக்குக் கழுத்தில். கழுத்துவலி என்று ஒருநாள்கூட அவர் சொன்னதில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

முதலில் சட்டைப் பொத்தான். மேல் பொத்தானைப் போட விரல் தடுமாறும், நான் போட்டுவிடுவேன். வயசாகிறது என்று விட்டுவிட்டோம். பிறகு வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். செல்போன் கையிலிருந்து நழுவும். இருட்டில் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் தலையைக் குனிந்தபோது முதுகு வழியாக மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது என்றார். அதற்குப் பிறகுதான் போனோம்.

மருத்துவர் அவருடைய நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துடித்து உள்பக்கம் மடங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியோடு முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்கள்தான், கழுத்தில் நசுங்குவது தண்டுவடமே என்று விளக்கினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடை சீரானது. விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. எட்டு மாதம் முன்னால் போயிருக்கலாம்.

*

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். என் அண்ணனுக்கு இடுப்பில் சுருக்கம் இருப்பது முன்பே தெரியும். ஒரு சாயங்காலம் சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் வரவில்லை. சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் உணர்ச்சி இல்லை. கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. அந்த இடத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். அண்ணிதான் கேட்காமல் ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அன்றே ஆபரேஷன் செய்தார்கள். இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள், தயவுசெய்து.

*

எம்.ஆர்.ஐ.யில் எனக்கும் சுருக்கம் என்று போட்டிருக்கிறது. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டுமா?

*

முதலில் எழுதியவன்தான். தம்பி, படத்தில் சுருக்கம் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் அறுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் உண்டு என்று என் மருத்துவர் சொன்னார். படத்துக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. மேலே எழுதியிருக்கும் அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக நடங்கள். படத்தை மட்டும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஹென்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு அறுவை மருத்துவர் 1954-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே, நின்றாலும் நடந்தாலும் தொந்தரவு, படுத்தால் மறைந்துவிடுகிறது என்று பதிவு செய்திருக்கிறார். பரிசோதனை மேசையில் படுக்க வைத்தால் நம் வலி ஒளிந்துகொள்ளும். நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது குனிந்து செய்யும் பயிற்சிகள் நடக்கின்றன. முதுகில் போட்ட ஊசி சில வாரம் தாங்கியது, பிறகு பழையபடி. ஆபரேஷன் பற்றி அடுத்த மாதம் பேசப் போகிறோம். அதற்காக ஒரு நோட்டில் தினமும் எழுதுகிறேன். நேற்று: 11 நிமிடம் நடந்தேன். வலது கால் முதலில் கனத்தது. உட்கார்ந்தேன், மூன்று நிமிடத்தில் சரியானது.