விந்துப் பரிசோதனை இழை: புதுப்பிப்பு

பரிசோதனைக்கு முன் விந்து வெளியேற்றாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். அதற்கு அதிகம் வந்த கேள்வி: மாதிரியை வீட்டிலேயே எடுத்து வரலாமா?

ஏற்காட்டிலிருந்து என்றால் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டி நெரிசலையும் தாண்டுவதற்குள் விந்தணுக்களின் அசைவு குறைந்துவிடும். சேலம் வந்து லேபிலேயே கொடுங்கள். ஊருக்குள் இருப்பவர்கள் மாதிரி டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவரலாம். ஐஸ் கூடவே கூடாது. மாதிரி எடுக்கச் சாதாரண ஆணுறையும் ஆகாது, அதிலுள்ள பூச்சு அணுக்களைக் கெடுக்கும். முதல் துளிகள் சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்; அணுக்கள் அதில்தான் அதிகம்.

செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு: விந்தணு நன்றாக உருவாக, விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உலை முன் நாள் முழுக்க உட்காராமல் இடையிடையே எழுந்து வெளியே போங்கள். ஓர் அணு உருவாக ஏறத்தாழ 74 நாள். காய்ச்சல் சூடும் அணுக்களைப் பாதிக்கும், எனவே கடும் காய்ச்சல் வந்திருந்தால் 3 மாதம் கழித்து மறுபரிசோதனை.

ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி? இருப்பதிலேயே மோசம் அதுதான். விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களின் சுரப்பை அடக்கி விந்தணு எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்கே இறக்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். மீள மாதக்கணக்கில் ஆகும்.