ஈராக் போரில் அமெரிக்க வீரர்களுக்கே கவசம் பத்தவில்லை என்கிறார்களே, எப்படி?

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக 2003 ஈராக் போரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் மனதைக் குடைகிறது.

2004 டிசம்பர் 8ஆம் தேதி, குவைத்தில் ஒரு முகாமில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் வீரர்களைச் சந்திக்கிறார். டென்னசி மாநிலத்தின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டைச் சேர்ந்த ஒரு வீரர் எழுந்து, எங்கள் வண்டிக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் துருப்பிடித்த இரும்பையும் ஏற்கெனவே குண்டடிபட்ட கண்ணாடியையும் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கிறார். கூடியிருந்தவர்கள் கை தட்டுகிறார்கள். இருக்கிற ராணுவத்தோடுதான் போருக்குப் போக முடியும், இப்படி இருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிற ராணுவத்தோடு அல்ல என்கிற மாதிரி அமைச்சர் பதில் சொல்கிறார்.

அதே சமயத்தில் சமையல், துணி துவைப்பது, டீசல் கொண்டுபோவது, தபால் என்று எல்லாவற்றையும் தனியார் கம்பெனிகள் கையில் கொடுத்து அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் செலவு செய்கிற ராணுவத்தில் ஒரு இரும்புத் தகட்டுக்கு எப்படிப் பஞ்சம் வரும்? இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை நான்தான் முடிச்சுப் போடுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலமலை:

சம்பந்தம் உண்டு. ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வந்தால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் போரின் முடிவில், 1973ல், கட்டாய ராணுவ சேவையை நிறுத்தினார்கள். சோவியத் யூனியன் உடைந்ததும் ஆளையும் குறைத்தார்கள். 1980களின் கடைசியில் ஏழரை லட்சத்துக்கு மேல் இருந்த தரைப்படை பத்தே வருடத்தில் ஐந்து லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. சண்டை போடுகிறவனை வைத்துக்கொள்வோம், சோறு ஆக்குகிறவன், லாரி ஓட்டுகிறவன், ஜெனரேட்டர் பார்க்கிறவன் எல்லாம் வெளியிலிருந்து வரட்டும் என்பதுதான் கணக்கு. அதற்கான லாக்கேப் என்கிற திட்டம் 1985லேயே இருந்தது. 1992ல் முதல் பெரிய ஒப்பந்தம் பிரவுன் அண்ட் ரூட் கம்பெனிக்குப் போனது, அப்போது பாதுகாப்பு அமைச்சர் டிக் செய்னி. 1995ல் அவர் அந்தக் கம்பெனியின் தாய்க் கம்பெனியான ஹாலிபர்ட்டனுக்கே தலைவராகப் போய், 2001ல் துணை அதிபராகத் திரும்பி வந்தார். அந்த வருடம் டிசம்பரில் ஒப்பந்தம் மறுபடி அதே குழுமத்துக்கு, கேபிஆர் என்ற பெயரில் கிடைத்தது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை, வரிசையை மட்டும் வைக்கிறேன்.

அந்த ஒப்பந்தத்தில், ஆன செலவைக் கொடுத்துவிட்டு, மதிப்பிட்ட செலவில் ஒரு பங்கை மேலே லாபமாகவும் கொடுப்பார்கள். செலவைக் குறைக்கக் கம்பெனிக்குப் பெரிய அக்கறை இருக்காது. அதே கம்பெனியின் வேறொரு ஒப்பந்தத்தில், குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்ரோலுக்கு 6.1 கோடி டாலர் வரை கூடுதலாகப் பில் போட்டிருக்கலாம் என்று 2003 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் தணிக்கையாளர்களே சொன்னார்கள்.

சரி, கவசத்துக்கு வருவோம். ஹம்வி என்பது போர்முனைக்குப் பின்னால் ஓட்டுவதற்குச் செய்த வண்டி. ஈராக்கில் பின்னால் என்று ஒரு இடமே இல்லாமல் போய்விட்டது, எந்தச் சாலை ஓரத்திலும் குண்டு. 2003 ஆகஸ்டில் கவச ஹம்வி 250ஐ ஒட்டி இருந்தால் போதும் என்றவர்கள் 2004 செப்டம்பரில் 8,000க்கு மேல் வேண்டும் என்றார்கள். அதைச் செய்து தர ஒஹாயோவில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் ஒரே ஒரு ஆலை. நீங்கள் சொன்ன அந்த வீரர் கேள்வி கேட்டு இரண்டு மூன்று நாளில் அந்தக் கம்பெனி வெளிப்படையாகச் சொன்னது: மாதம் 450 வண்டி செய்கிறோம், 550 வரை எங்களால் முடியும், ராணுவம் ஆர்டர் கொடுக்கவில்லை என்று. அதற்குப் பிறகு ஆர்டர் போனது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வண்டி என்றால் கூடக்குறைய நானூறு ஆள். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் போதும்.

உடம்பில் போடும் கவசமும் அப்படித்தான். உள்ளே வைக்கிற பீங்கான் தகடு இல்லாமல் சுமார் 40,000 பேர் 2003ல் அங்கே இருந்தார்கள். பெற்றோர்களும் மனைவிமார்களும் சொந்தக் காசில் வாங்கிப் பார்சலில் அனுப்பினார்கள். அப்படி வாங்கியவர்களுக்கு 1,100 டாலர் வரை திருப்பித் தர 2004ல் சட்டமே போட வேண்டி வந்தது. ரேடியோவுக்குப் போடுகிற பேட்டரி, லாரி டயர்கூடத் தட்டுப்பாடுதான். சமாதான காலத்தில் இருப்பு வைத்தால் வீண் செலவு, வேண்டும்போது ஆர்டர் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரன் கணக்கை ராணுவத்துக்குள் கொண்டுவந்தார்கள். கேபிஆர் வந்ததும் தகடு இல்லாமல் போனதும் ஒரே மனசு எடுத்த இரண்டு முடிவு என்பேன்.

பாம்பன் காற்று:

நான் அங்கே இருந்தவன், அதனால் எழுதுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம்.

2003 கடைசியில் கிச்சன் ஹெல்பர் வேலை என்று குவைத்துக்குப் போனேன். ஏஜென்டுக்குக் கொடுக்க அம்மாவின் சங்கிலியை விற்றோம். குவைத்தில் ஒரு ஷெட்டில் பதினாறு நாள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு ராத்திரி பஸ்ஸில் ஏற்றினார்கள், விடிந்து பார்த்தால் எல்லை தாண்டியிருந்தோம். எனக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு சப் கான்ட்ராக்டர், அவருக்கு மேலே இன்னொருவர், அவருக்கு மேலே அமெரிக்கக் கம்பெனி. நான் யாருடைய ஆள் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

கடல்கரையில் பிறந்தவன் நான், ஆனாலும் அந்தக் கிச்சனில் பார்த்த அளவு இறால் எங்கள் ஏலக்கூடத்தில்கூட ஒரே நாளில் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் சிங்கி இறால். ஐஸ்கிரீமில் மட்டும் எத்தனையோ தினுசு. அவ்வளவும் குவைத்திலிருந்து ஃப்ரீசர் லாரியில் வரும். ஓட்டிவருவது நேபாளி, பாகிஸ்தானி, பிலிப்பைன்ஸ்காரர், நம்ம ஆளும் உண்டு. லாரிக்குக் கவசம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு நேபாளி டிரைவர் காலி எண்ணெய் டின்களை வெட்டித் தட்டையாக்கி, கதவின் உள்பக்கம் கட்டுக்கம்பியால் வரிசையாகக் கட்டியிருந்தார். இது குண்டைத் தடுக்குமா என்று கேட்டேன். தடுக்காது, ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார். ஐஸ்கிரீம் உருகாமல் இருக்க அந்த லாரிக்கு நல்ல கனத்தில் சுவர் இருந்தது, அது பின்னால் பெட்டியில். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் எண்ணெய் டின்.

2004 டிசம்பர் 21 அன்று மோசூலில் சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் ஒருவன் வெடித்தான். 22 பேர் செத்தார்கள், அதில் கம்பெனி ஆட்களும் உண்டு. அது துணிக் கூடாரம். பக்கத்திலேயே கான்கிரீட்டில் சாப்பாட்டுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்களாம், முடியவில்லை. எங்கள் முகாமிலும் அதே மாதிரி கூடாரம்தான். அன்று ராத்திரி யாரும் பேசவில்லை, மறுநாள் நாலு மணிக்கு எழுந்து முட்டை உடைத்தோம்.

கரிசல்காட்டான்:

அண்ணே, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டிரைவர்கள் வர மாட்டேன் என்று சொல்ல முடியாதா? ராணுவ வீரர் இல்லையே அவர்கள்?

பழைய சுபேதார்:

தம்பி, நான் நம்ம ராணுவத்தின் ஆர்மி சர்வீஸ் கோரில் இருபத்துநாலு வருடம் இருந்தவன், சப்ளையும் கான்வாயும், அதாவது வரிசையாகப் போகிற லாரிக் கூட்டமும்தான் என் பிழைப்பு. இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

கம்பெனி ஆள் மாட்டேன் என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். அதுதான் இதில் ஆபத்தே. 2003லேயே அமெரிக்க ராணுவத்தின் சப்ளைப் பிரிவுக்குத் தலைமையான ஜெனரல், கம்பெனி ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சேராததால் வீரர்கள் புழுதியிலும் சேற்றிலும் கிடக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சிவிலியனுக்கு உத்தரவு போட முடியாது. கான்ட்ராக்டில் எழுதியதை மட்டும்தான் கேட்க முடியும். அதே காகிதத்தால் அவனுக்கும் பாதுகாப்பு இல்லை. 2004 ஏப்ரல் 9, புனித வெள்ளி அன்று, பலாத் பக்கத்து முகாமிலிருந்து பாக்தாத் விமான நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோன கேபிஆர் கான்வாய் நெருப்புக்குள் மாட்டியது. ஆறு டிரைவர்கள் செத்தார்கள், ஒருவர் காணாமலே போனார், தாமஸ் ஹாமில் என்பவர் பிடிபட்டு மே 2ஆம் தேதி தப்பி வந்தார். கூடப் போன ராணுவ வீரர்களும் செத்தார்கள். அந்தச் சாலையில் அன்று சண்டை நடக்கிறது என்பது கான்வாய்க்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எரிபொருளை நிரப்பிக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல், தகடு இல்லாமல், ரோட்டின் நிலவரமும் தெரியாமல் ஓட்டுவது என்றால் என்ன என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

சீருடை போட்டவனே மறுத்த கதையும் உண்டு. அதே வருடம் அக்டோபர் 13, தென் கரோலினா பக்கத்து ரிசர்வ் படைப்பிரிவு ஒன்று, 343ஆவது குவார்ட்டர்மாஸ்டர், சப்ளை வேலை பார்க்கிறவர்கள். தல்லில் முகாமிலிருந்து தாஜிக்கு எரிபொருள் கொண்டுபோகச் சொன்னபோது சுமார் இருபது பேர், இந்த ஓட்டை வண்டியில், கவசம் இல்லாமல் போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ராணுவத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்றம் வரை இழுக்காமல் சின்னத் தண்டனையோடு முடித்தார்கள். அதிலிருந்தே தெரியும், வண்டியின் லட்சணம் மேலே இருப்பவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நீலமலை சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தனியாரை வைத்ததாலேயே எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். லடாக் ரோட்டில் நாங்களும் சிவில் லாரியை வாடகைக்கு எடுப்போம், மலையில் போர்ட்டர்கள் இல்லாமல் எங்களால் ஒரு அடி நகர முடியாது. 1999ல் கார்கில் சண்டையின்போது எங்கள் தளபதி ஜெனரல் மாலிக்கும், கையில் இருப்பதை வைத்துச் சண்டை போடுவோம் என்றுதான் சொன்னார். கேட்க ரம்ஸ்ஃபெல்ட் சொன்ன மாதிரியே இருக்கும். ஆனால் எங்கள் மேல் அந்தச் சண்டை வந்து விழுந்தது, தேதி எங்கள் கையில் இல்லை. ஈராக்கில் தேதி குறித்ததே அவர்கள். குறித்தவனிடம் தகடு எங்கே என்று கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

நீலமலை:

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் பேச்சுக்கு வலு சேர்க்கிற ஒன்று சொல்கிறேன். 2005 பிப்ரவரியில் ஈராக்கில் இருந்த மரீன் படை, அடியில் வெடித்தாலும் தாங்குகிற, வி வடிவ அடிப்பாகம் கொண்ட எம்ராப் வண்டிகள் 1,169 அவசரமாக வேண்டும் என்று எழுதிக் கேட்டது. கோப்பு அப்படியே கிடந்தது. 2006 டிசம்பரில் புது பாதுகாப்பு அமைச்சராக வந்த ராபர்ட் கேட்ஸ், 2007ல் இதுதான் முதல் வேலை என்று சொன்ன பிறகு இருபதாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். பணமும் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது, தென்னாப்பிரிக்காவில் எழுபதுகளிலேயே ஓடிய வகை வண்டி அது. இடையில் போனது இரண்டு வருடம்.

கான்ட்ராக்ட் பக்கம், 2008 தொடக்கத்தில் ஈராக்கிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் குறைந்தது 1,90,000 ஒப்பந்த ஆட்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. ஏறக்குறைய ஒரு வீரருக்கு ஒரு ஆள். இதை விசாரிக்க வைத்த ஆணையம் 2011ல், ஈராக், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் சேர்த்து 3,100 கோடியிலிருந்து 6,000 கோடி டாலர் வரை வீணாகவும் மோசடியிலும் போனது என்றது.

தேவகோட்டை வாசகி:

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புதுசு. ஆனால் 2004 ஆகஸ்டில் ஈராக்கில் பன்னிரண்டு நேபாளிப் பையன்களைக் கடத்திக் கொன்றது ஞாபகம் இருக்கிறது, மறுநாள் காத்மாண்டுவில் கலவரம் நடந்தது. இந்தியர் மூன்று பேரும் கென்யர்களும் எகிப்துக்காரர் ஒருவருமாக ஏழு லாரி டிரைவர்கள் பிடிபட்டு செப்டம்பர் தொடக்கத்தில் விடுதலை ஆனதும் அந்த வாரம்தான். இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்குமா? பாம்பன் அண்ணா, உங்களுக்கு ஹெல்மெட், கவசமாவது கொடுத்தார்களா?

பழைய சுபேதார்:

சட்டப்படி கிடைக்க வேண்டும், அம்மா. டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று 1941லேயே போட்ட சட்டம். அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தின் கீழ் வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஆள், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சப் கான்ட்ராக்டில் இருந்தாலும், அவருக்குக் கம்பெனி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காகிதத்தை ஊரில் இருக்கிற குடும்பத்தின் கைக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

பாம்பன் காற்று:

எனக்கு அந்தச் சட்டம் இருப்பதே இப்போது சுபேதார் ஐயா எழுதித்தான் தெரிகிறது. பதினாலு மாதம் அங்கே இருந்தேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

ஹெல்மெட் இருந்தது, தங்கச்சி. எங்கள் கன்டெய்னரில் இருபத்தெட்டுப் பேர், வாசல் பக்கம் ஆணியில் ஆறு ஹெல்மெட் தொங்கும். சைரன் அடித்தால் பங்கருக்கு ஓட வேண்டும், யார் முன்னால் படுத்திருக்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம், வயசில் சின்னவர்கள் ஆறு பேர் வாசல் பக்கம் படுப்பது என்று. எனக்கு அப்போது முப்பத்தொன்று, உள்ளேதான் படுத்தேன்.