புதுப்பிப்பு: வாங்கிப் படிக்காமல் சேர்ந்த 64 புத்தகங்கள்

நந்தனம் புத்தகக் காட்சியில் வருஷா வருஷம் வாங்கி, படிக்காமலே சேர்ந்துவிட்ட 64 புத்தகங்களை எப்படி முடிப்பது என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தினம் 30 பக்கம் என்ற கணக்கு எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மீதியை பீரோவில் பூட்டச் சொன்னாரே ஒருவர், அதுதான் பலித்தது. 50 பக்கத்துக்குள் மனசு ஒட்டவில்லையா, அடுத்ததை எடுத்துவிடுவேன். பத்து மாதத்தில் 27 முடிந்தது, 11 புத்தகங்கள் ஊர் நூலகத்துக்குப் போயின, இன்னும் 26.

எதிர்பாராத ஒன்று: 2019இல் வாங்கிய நாவலில் 128ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேராக 145. ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் கட்டு), 16 பக்கம், அப்படியே விட்டுப்போயிருக்கிறது. பில்லும் இல்லை. வாங்கிய அன்றே பக்க எண்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.