சுவரெல்லாம் வாசகம் ஒட்டியும் பள்ளிச் சூழல் மாறவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

சுண்ணக்கட்டி:
வணக்கம். 600 மாணவர்கள், 28 ஆசிரியர்கள் உள்ள பள்ளி. நல்லொழுக்க வாசகங்கள் ஒட்டியாயிற்று, மாதந்தோறும் ‘சிறந்த மாணவர்’ பரிசும் உண்டு. இடைவேளைச் சண்டையும் கேலியும் குறையவில்லை. ‘இன்னொரு வேலையா’ என்று ஆசிரியர்களும் அலுத்துக்கொள்கிறார்கள். எதை நிறுத்தலாம், எதைத் தொடங்கலாம்?

மணியோசை:
முதலில் பரிசை நிறுத்துங்கள். மாதம் ஒருவருக்குத்தான் என்றால், மீதி 599 பேருக்கும் அது நமக்கில்லை என்பது சீக்கிரமே புரிந்துவிடும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை.

பரிசுக்குப் பதில், செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். ‘நல்ல பையன்’ என்றால் எதற்கென்று அவனுக்கே தெரியாது. ‘படியில் சிந்திய தண்ணீரை யாரும் சொல்லாமலே துடைத்தாயே, இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் வழுக்கியிருப்பார்கள்’ என்றால் மனதில் நிற்கும். வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு எல்லார் முன்னும் பாராட்டினால் கூச்சம். அவர்கள் மேசையருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும்.

அடுத்து, சண்டை நடக்கும் இடம். கட்டட வரைபடத்தை நகலெடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி, நிம்மதியான இடத்தில் பச்சை. எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்தால் பெரும்பாலும் கழிப்பறை வாசல், மாடிப்படித் திருப்பம், கட்டடத்தின் பின்புறம்தான் சிவக்கும். டியூட்டிப் பட்டியலை அதற்கேற்ப மாற்றுங்கள். இடைவேளையின் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் முக்கியம். டியூட்டி ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே மணிக்கு 600 பேரும் வெளியே வந்தால் நெரிசலே பாதிச் சண்டையை மூட்டும். இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவு முடித்த பிறகு மற்றதை விடுங்கள்.

நீலமை:
சண்டையையும் கொடுமைப்படுத்துவதையும் ஒன்றாக நடத்தாதீர்கள். கொடுமைப்படுத்துவது எது என்று கண்டுகொள்ள, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த அடையாளம் இன்றும் உதவும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்க்க முடியாதவர் மீது நடப்பது. அப்படியிருந்தால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ‘கை கொடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது ஆபத்து. பாதிக்கப்பட்ட பிள்ளை அங்கே தலையாட்டும், வெளியே வந்ததும் இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். தனித்தனியாகப் பேசுங்கள், 2 நாள் கழித்தும் 2 வாரம் கழித்தும் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் மறுபடி விசாரியுங்கள்.

சமபலமுள்ளவர்களின் சண்டை என்றால் ‘ஏன் செய்தாய்?’ வேண்டாம், சாக்குதான் வரும். என்ன நடந்தது, யாருக்கெல்லாம் வலித்தது, சரிசெய்ய நீ என்ன செய்வாய்? இந்த மூன்று கேள்வி போதும்.

கடைசிபெஞ்ச்:
ஆசிரியர்களின் அலுப்பைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் பழையது ஒன்றை எடுங்கள்: ஒரே விவரத்தை இரண்டு பதிவேட்டில் எழுதும் வேலை நிச்சயம் எங்காவது இருக்கும். அறிவிப்புகளை எழுத்தில் அனுப்பிவிட்டு, ஸ்டாஃப் மீட்டிங்கை ஏதாவது ஒரு பிரச்சினையைச் சேர்ந்து யோசிக்க வைத்துக்கொள்ளுங்கள். குறையைத் தனி அறையில் சொல்லுங்கள்; வாட்ஸ்அப் குழுவிலோ மாணவர் முன்னிலையிலோ திட்டு வாங்கிய ஆசிரியர், அடுத்த பீரியடில் அதே தொனியில்தான் பிள்ளைகளிடம் பேசுவார். கோபம் தலைக்கேறும் நேரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் 2 நிமிடம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கட்டும். அதைப் பயன்படுத்தியவரிடம் விளக்கம் கேட்டால் மறுபடி யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

சுண்ணக்கட்டி:
மூவருக்கும் நன்றி. வரைபடத்தில் பெயர் இல்லாவிட்டாலும், யார் வைத்த புள்ளி என்று கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

மணியோசை:
எழுத்தே வேண்டாம், புள்ளி மட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இரண்டு பேனா. மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், எண்ணுவது அந்த வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் ‘இந்த இடங்கள் சிவந்தன, இதை மாற்றினோம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை எல்லாமே பச்சையாகத்தான் வரும்.