பொகவந்தலாவையில் இருக்கும் ஓவியர் கல்லறை – யாருடையது, எப்படிப் போவது?

கேள்வி:
பொகவந்தலாவை சர்ச் வளவில் பிரபலமான ஒரு வெள்ளைக்கார ஓவியப் பெண்மணியின் கல்லறை இருக்கிறதாமே, யார் அவர்? கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? கல்லெழுத்தைத் தெளிவாகப் படமெடுக்கவும் வேண்டும்.

தேயிலைக்காடு:
ஓவியர் இல்லை, புகைப்படக் கலைஞர். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில்தான் கமராவையே தொட்டார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். அடுத்த வருடம் இறந்த கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனும் அதே சர்ச் வளவில்தான் அடக்கம். கோல்புறூக்–கேமரன் சீர்திருத்தம் (பிரிட்டிஷ் காலத்து இலங்கை நிர்வாகச் சீர்திருத்தம்) என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கேமரன்தான் இந்தக் கணவர். ஊர்க்காரர்கள் இரண்டு பேரைப் போட்டுக் குழப்புவதால்தான் 'ஓவியர்' என்ற பேச்சு வந்திருக்க வேண்டும். மரியான் நோர்த் என்ற ஓவியர் களுத்துறையில் ஜூலியாவின் வீட்டுக்கு வந்தார், ஜூலியாவும் அவரைப் படமெடுத்தார். ஆனால் நோர்த்தின் கல்லறை இங்கிலாந்தில், அல்டர்லியில்.

நோர்வூட் சந்தி:
ஒரே நாளில் வேண்டாம். காலை ரயிலைப் பிடித்தாலும் ஹட்டனில் இறங்கும்போது பகல் நெருங்கிவிடும். அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் மலையில் மூடுபனி இறங்கினால் படமும் இல்லை. ஹட்டனில் இரவு தங்கி விடியப் புறப்படுங்கள்.

பஸ்ஸில் ஒரு கவனம்: மஸ்கெலியா பஸ்ஸும் டிக்கோயா, நோர்வூட் வழியாகத்தான் போகும். நோர்வூட்டில்தான் பாதை பிரியும். போர்டில் பொகவந்தலாவை என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். சிவனொளிபாதமலை சீசனில் (டிசம்பர் முதல் மே வரை) ஹட்டன் ஸ்டேண்டில் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் வெளுத்திருக்கும். ஜூன், ஜூலையில் போனால் மழையும் அட்டையும்தான் மிச்சம்.

சர்ச்சின் பெயர் சென் மேரிஸ். ஆனால் இறங்கி 'சென் மேரிஸ் எங்கே' என்று மொட்டையாகக் கேட்டால் அதே பெயருள்ள பாடசாலையைக் காட்டுவார்கள். 'அங்கிலிக்கன் சர்ச், பழைய கல் கோயில்' என்று கேளுங்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குருவானவரிடமோ காவலாளியிடமோ சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை.

கல்லெழுத்து:
படம் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். போனின் பிளாஷை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் நேர் முன்னால் விழுந்தால் வெட்டெழுத்துக்குள் நிழல் விழாது, கல் வெறும் பலகையாகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். காலை வெயில் சரியாக விழாவிட்டால், ஒருவர் குடை பிடித்துக் கல்லை நிழலாக்கட்டும். இன்னொருவர் டோர்ச்சைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கட்டும். தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும். டோர்ச்சை நாலு பக்கமும் மாற்றி ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்கம் மறையும் கோடு மறுபக்கம் தெரியும்.

சோக் பூசாதீர்கள், நுண்துளையில் ஏறினால் கழுவினாலும் போகாது. தேசிக்காய், வினாகிரி, பிளீச், கம்பி பிரஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. சலவைக்கல் என்றால் புளிப்பு மேற்பரப்பையே அரித்துவிடும். பாசியைச் சுரண்டினால் அதோடு கல்லின் தோலும் உரிந்து வரும். காய்ந்த இலை, மண் இருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியே கிளென்கெய்ர்ன் பங்களாவையும் பார்க்கலாமா?

நோர்வூட் சந்தி:
அது தோட்டத்துக்குள் இருக்கிறது. நிர்வாகத்திடம் முதலே கேட்டு அனுமதி கிடைத்தால் மட்டும் போங்கள். டிக்கோயாப் பக்கம் என்பதால் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள், காலை வெளிச்சம் கல்லறைக்கு.