கராஜ் கதவு ரோலர் சத்தம்: உங்களுக்கு எப்படிக் குறைந்தது?

எங்கள் கதவு பலகை பலகையாக மடிந்து மேலே ஏறி, கூரைக்கு அடியில் போய்ப் படுக்கிற வகை. பலகைகளின் இரு ஓரத்திலும் இருக்கும் சிறு சக்கரங்கள்தான் ரோலர், அவை ஓடும் இரும்புத் தடம்தான் டிராக். திறக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம், வளைவில் திரும்பும்போது அதற்கு மேல் ஒரு கிரீச். யாரிடம் சொன்னாலும் "ரோலர் போயிருக்கும், மாற்றிவிடு" என்றார்கள். மாற்றினேன்தான், ஆனால் அதற்கு முன்னால் செய்த ஒரு சோதனையைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கதவை முழுக்க மூடிவிட்டு, மோட்டாரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, மேலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்தேன். (கதவு திறந்திருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்காதீர்கள். எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் கதவு மொத்தமும் தலையில் இறங்கும்.) அப்புறம் கையால் மெதுவாகத் தூக்கினேன். பாதிச் சத்தம் காணாமல் போய்விட்டது! அந்தப் பாதி ரோலருடையதே அல்ல, மோட்டார் கதவை இழுக்கும் செயின் தொய்ந்துபோய், தான் ஓடும் கம்பியிலேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. செயினை இறுக்கியதோடு அது முடிந்தது. மீதிக்குத்தான் ரோலர் பக்கம் போக வேண்டியிருந்தது.

அங்கேயும் பத்து ரோலரும் கெட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றின் முகத்திலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கதவைத் தூக்கினால் எது உருளுகிறது, எது உருளாமல் இழுபடுகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இடது பக்கம் இரண்டு அசையவே இல்லை, கோடு நின்ற இடத்திலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அப்படித் தட்டையான ரோலருக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயன் இல்லை. உருண்டாலும் டொக் டொக்கென்று அடிக்கும்.

புதிதாக வாங்கியது நைலான் சக்கரம், உள்ளே மூடிய பேரிங். வாங்கப் போகிறவர்கள் பழையதை அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் சக்கரம் 2 அங்குலம், தண்டின் தடிமன் 7/16 அங்குலம், அதாவது சுமார் 11 மி.மீ. நீளம்தான் மாறும், சாதாரணக் கதவுக்கு 4 அங்குலம், இரட்டைக் கீல் போட்ட அகலக் கதவுக்கு 7 அங்குலம். 3 அங்குலச் சக்கரம் ஓடும் கனமான கதவுகளும் உண்டு.

உங்கள் கதவில் சத்தம் எங்கிருந்து வந்தது, எதைச் செய்ததும் நின்றது என்று எழுதுங்கள்.

———

நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவர் ரொம்ப அக்கறையானவர் போலிருக்கிறது, டிராக் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, கிரீஸை அப்பி வைத்திருந்தார். அதில் தூசி, மணல், முடி, செத்த பூச்சி எல்லாம் சேர்ந்து கறுப்புப் பசையாகிவிட்டது. கதவு கிரீச்சிடவில்லை, உண்மைதான், ஆனால் ஏறும்போது விட்டு விட்டு உதறும். டிராக்கில் ரோலர் உருள வேண்டுமே தவிர வழுக்கக் கூடாது. வழுக்கினால் சக்கரம் சுற்றாது, சுற்றாவிட்டால் ஒரே இடத்தில் தேயும், மேலே நண்பர் சொன்ன அந்தத் தட்டைச் சக்கரம் அப்படித்தான் உருவாகிறது.

பிசுக்கு நீக்கியைத் துணியில் நனைத்து வழித்தெடுத்தேன். வளைவுப் பகுதிதான் பாடுபடுத்தியது, துணியை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், நெடி தாங்காது. காய்ந்த பிறகு டிராக்கில் எதையும் பூசவில்லை. எண்ணெய் கேட்கிற இடங்கள் வேறு: கீல் மடியும் மூட்டு, ரோலர் தண்டு கீலுக்குள் நுழையும் குழல், மூடாத பேரிங் என்றால் அந்தக் குண்டுகள் தெரியும் இடுக்கு, மேலே ஸ்பிரிங் சுருள்கள், அந்த அச்சின் இரண்டு முனையிலும் இருக்கும் பேரிங். வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே அடித்து, வழிந்ததைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

———

துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிப்போமே, அந்த ஸ்பிரேயை ரோலருக்கு அடிக்கலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

———

அடித்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும். ஆனால் அதில் பெரும்பகுதி கரைப்பான், பேரிங்கில் மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும், விட்டுப்போகிற எண்ணெய் மெல்லிசுப் படலம்தான், நாளாவட்டத்தில் முன்னைவிட மோசமாகக் கத்தும். அழுக்கைக் கழுவ அதைப் பயன்படுத்துங்கள், துடைத்துவிட்டு மேலே கிரீஸ் ஸ்பிரே அடியுங்கள்.

நான் இந்தக் கதவு வேலைதான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோலரைத் தாங்களே மாற்றுகிறேன் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கீலில் இருக்கும் எண்ணைப் பார்த்தீர்களா என்பதுதான். தகட்டிலேயே 1, 2, 3 என்று அச்சடித்திருக்கும். நடுவில் வரும் கீல்கள் எல்லாம் 1. ஓரத்தில், கீழ்ப் பலகைக்கும் அதற்கு மேல் பலகைக்கும் இடையில் 1, அடுத்த மூட்டில் 2, அதற்கும் மேலே 3. எண் கூடக் கூட ரோலர் நிற்கும் குழல் கதவிலிருந்து இன்னும் தள்ளி இருக்கும், ஏனென்றால் நிற்கும் டிராக் மேலே போகப் போகச் சட்டத்தைவிட்டு லேசாக விலகிச் சாய்ந்திருக்கிறது. மூடும்போது மட்டும் கதவு சட்டத்தோடு ஒட்டவும், ஏறத் தொடங்கியதும் உரசாமல் விலகவும் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் புது ரோலர், புது கீல் எல்லாம் போட்டும் கதவு முன்பைவிட இறுக்கமாக ஏறுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் 2 இருக்க வேண்டிய இடத்தில் 3, 3 இருக்க வேண்டிய இடத்தில் 2. இடம் மாற்றிப் போட்டதும் ஒரு விரலால் தூக்கும்படி ஆனது. ரோலர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மாற்றும் முறை: கதவு மூடியிருக்க வேண்டும், மோட்டார் மின்சாரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு கீலை மட்டும் கழற்றி, ரோலரோடு வெளியே எடுத்து, புதியதைச் செருகி, திரும்ப முடுக்கிய பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாகக் கழற்றாதீர்கள். டிராக்கின் விளிம்பை நெம்பி வளைத்து ரோலரை உருவும் முறையை நிறையப் பேர் வீடியோவில் காட்டுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. தட்டி நிமிர்த்தின விளிம்பு பழைய நிலைக்கு முழுசாக வராது, அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு தட்டல் கேட்கும்.

ஆக அடியில் இரு மூலையிலும் இருக்கும் தாங்கியில் கை வைக்கவே வேண்டாம். கதவைத் தூக்கும் கம்பிவடம் அங்கேதான் மாட்டியிருக்கிறது, கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு இழுவிசையும் அதில்தான் நிற்கும். அந்தத் திருகைக் கழற்றினால் தாங்கி பறந்து வரும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள். கீழ் ரோலர் இரண்டையும் ஸ்பிரிங்கைத் தளர்த்தத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள்.

———

எங்கள் படுக்கையறை கராஜுக்கு நேர் மேலே. அதிகாலை வேலைக்குப் போகிற ஆள் வீட்டில் இருந்தால் என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். நைலான் ரோலர் போட்டதில் கடகடச் சத்தம் நன்றாகவே இறங்கியது, ஆனால் தரை வழியாக வந்த ஓர் உறுமல் அப்படியே இருந்தது. அது மோட்டாரைக் கூரைச் சட்டத்தில் நேரடியாக முடுக்கியிருந்ததால் வந்த அதிர்வு. நடுவில் ரப்பர் அடைகளை வைத்துத் திரும்ப மாட்டினோம், உறுமல் மிகவும் தணிந்துவிட்டது. கூடவே கதவின் எல்லா நட்டு போல்டையும் ஒரு சுற்று முடுக்கினோம், பாதிக்கு மேல் தளர்ந்திருந்தன. மரக் கதவு வைத்திருப்பவர்கள் மிதமாக முடுக்குங்கள், திருகு மரத்தைப் பிய்த்துக்கொண்டு சுற்றும்.

———

நைலான் நைலான் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள், கொஞ்சம் நிறுத்துங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பேரிங்கே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் சக்கரம் தண்டின்மேல் சுற்றுகிற மாதிரி ஒன்று வருகிறது, மலிவு. புதிதில் சத்தமே இராது. என் தம்பி வீட்டில் அதைத்தான் போட்டிருந்தார்கள். சீக்கிரமே நடு ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து சக்கரங்கள் குடிகாரன் மாதிரி ஆடத் தொடங்கிவிட்டன, கதவு ஒரு பக்கம் சாய்ந்தே ஏறியது. என் கதவில் ஓடுவது பழைய இரும்பு ரோலர், பத்துக் குண்டு பேரிங், அவ்வப்போது ஓரிரு சொட்டு மெல்லிய எண்ணெய். நைலான் அளவுக்கு மௌனமில்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தடையில்லாமல் சுற்றுகிறது. நைலான்தான் வேண்டுமென்றால் பேரிங் உள்ளதா, இருபுறமும் மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

———

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கீல் எண்ணைப் போய்ப் பார்த்தேன், எங்களுடையது சரியாகவே இருக்கிறது. அந்தக் கிரீச்சில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது கதவோரத்து ரப்பர் பட்டை பலகையில் உரசுவது. அதற்கு சிலிகான் ஸ்பிரே அடித்தேன், பெட்ரோலியம் கலந்த எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கமாக ஓடிய காலத்தில் கதவு பாதியில் நின்றுவிடுகிறதே என்று மோட்டாரின் விசையை யாராவது கூட்டி வைத்திருப்பார்கள். இப்போது உராய்வு குறைந்த பிறகும் அது அப்படியே இருந்தால், கீழே ஏதாவது மாட்டினால்கூட மோட்டார் அழுத்திக்கொண்டே போகும். முதலில் மோட்டாரைப் பிரித்துவிட்டுக் கதவை இடுப்பளவுக்குத் தூக்கி, கையைத் தளர்த்திப் பாருங்கள், அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி, இறங்கினாலோ தானாக ஏறினாலோ ஸ்பிரிங்குக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். நின்றால், விசையைக் கையேட்டில் சொன்னபடி குறைத்துவிட்டு, ஒன்றரை அங்குலம் தடிமனுள்ள பலகை ஒன்றைக் கதவுக்கு நேர் கீழே தரையில் படுக்கப் போட்டு மூடுங்கள். பலகையில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். எங்களுடையது முதல் தடவை பலகையை அழுத்திக்கொண்டு நின்றது, விசையை இன்னும் கொஞ்சம் குறைத்த பிறகுதான் திரும்பியது.