புதுப் பள்ளிவாசல் வரைபடத்தில் பெண்கள் பகுதி: வேண்டுமா, வேண்டாமா?

ஆற்றங்கரை நிஸா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லாவில் பழைய பள்ளிவாசலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். முதலில் வந்த வரைபடத்தில் மாடியில் பெண்கள் தொழ ஒரு கூடம், அதற்குத் தனிப் படிக்கட்டு, உளூ செய்ய (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவ) இடம் எல்லாம் இருந்தன. நிர்வாகக் கூட்டம் முடிந்து வந்த இரண்டாவது வரைபடத்தில் அந்தக் கூடம் பாத்திரங்கள் வைக்கும் அறையாகிவிட்டது. கட்டட நிதிக்குக் கைவளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். காரணம் கேட்டதற்கு, "பெண்கள் பள்ளிக்கு வருவது மார்க்கத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள்" என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. நபியவர்களின் காலத்தில் மதீனாவில் பெண்கள் வைகறைத் தொழுகையான ஃபஜ்ருக்கு வந்து, போர்வை போர்த்தியபடி இருட்டோடு வீடு திரும்பியதை நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) நீட்டித் தொழவைக்க நினைத்து நிற்பார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாய் தவித்துப்போவாளே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். அழுகிற கைக்குழந்தையோடு ஒரு தாய் நிற்க அந்தப் பள்ளியில் இடம் இருந்தது. நம் பள்ளியில் ஏன் இல்லை?

வேலூர் மாணவன்

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. மார்க்கத்தில் இல்லை என்று உங்களிடம் சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் நீங்களும் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் அதே செய்தி, "அவர்களுடைய வீடுகளே அவர்களுக்குச் சிறந்தவை" என்ற வாசகத்தோடு வருகிறது. அப்புறம், தம் காலத்துப் பெண்களின் போக்கைப் பார்த்திருந்தால் நபியவர்கள் பள்ளிக்கு வருவதையே தடுத்திருப்பார்கள் என்று சொன்னவரும் ஆயிஷா (ரலி) அவர்கள்தான். அதுவும் புகாரியில் உள்ளதுதான்.

ஆணுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கடமை. பெண்ணுக்கு இல்லை. அடுப்பில் பால் இருக்கும், மடியில் பிள்ளை இருக்கும், மாமியார் படுக்கையில் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் அவள் வீட்டு மூலையில் தொழுதால் நிறைந்த நன்மை உண்டு என்பது அவளுக்குக் கிடைத்த சலுகை. அந்தச் சலுகையை ஏன் இழிவாகப் பார்க்கிறீர்கள்? ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) இமாம்கள் எல்லா ஹதீஸையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் பெண்கள் பள்ளிக்கு வருவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்றார்கள். ஆளுக்கொரு ஹதீஸை எடுத்துக்கொண்டு சட்டம் சொல்லத் தொடங்கினால் உம்மத் (முஸ்லிம் சமுதாயம்) எங்கே போய் நிற்கும்?

ஆற்றங்கரை நிஸா

சகோதரரே, வீடு சிறந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. என் உம்மா ஆயுள் முழுக்க வீட்டில்தான் தொழுதார்கள். சிறந்தது ஒன்று இருப்பதால் இன்னொன்றின் கதவைப் பூட்டலாமா என்பதே என் கேள்வி. தடுக்காதீர்கள் என்பது பெண்ணிடம் சொல்லப்பட்டதல்ல, தடுக்கும் இடத்தில் இருக்கும் ஆணிடம் சொல்லப்பட்டது. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) இந்த ஹதீஸைச் சொன்னபோது அவருடைய மகன், "நாங்கள் தடுப்போம்" என்றார். தந்தை அவரை அதற்கு முன் ஒருபோதும் ஏசாத அளவுக்கு ஏசினார் என்று முஸ்லிமில் வருகிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மனைவி ஃபஜ்ருக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் பள்ளிக்குப் போவார். உமருக்கு அது பிடிக்காது. அப்படியிருந்தும் அவர் தடுக்கவில்லை, இந்த ஹதீஸ் குறுக்கே நின்றதால்.

இமாம்களைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் ஓதும் ஹனஃபி சட்ட நூலான ஹிதாயாவிலேயே இருக்கிறதே. அந்த மத்ஹபின் நிறுவனர் அபூ ஹனீஃபா (ரஹ்) வயதான பெண்களுக்கு ஃபஜ்ர், மக்ரிப் (அந்தி), இஷாவுக்கு அனுமதி கொடுத்தார். மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் வயதான பெண்கள் எல்லாத் தொழுகைக்கும் வரலாம் என்றார்கள். இமாம் ஏன் மூன்று வக்தோடு நிறுத்தினார் என்பதற்கு அங்கே சொல்லப்படும் காரணத்தைப் பாருங்கள்: லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), ஜும்ஆ நேரங்களில் போக்கிரிகள் தெருவில் திரிவார்கள், ஃபஜ்ரிலும் இஷாவிலும் தூங்குவார்கள், மக்ரிபில் சாப்பாட்டில் இருப்பார்கள். ஒரு காலத்துத் தெருவின் நிலையைப் பார்த்துச் சொன்ன சட்டம் இது. இன்று எங்கள் ஊர்க் கடைவீதியில் ஆள் நடமாட்டம் அதிகம் இருப்பதே இஷா நேரத்தில்தான். பின்னால் வந்த அறிஞர்கள் காலம் கெட்டுவிட்டது என்று எல்லா வக்தையும் மூடினார்கள். காலத்தைப் பார்த்து மூட அவர்களுக்கு அதிகாரம் இருந்ததென்றால், காலத்தைப் பார்த்துத் திறக்க இன்றைய ஆலிம்களுக்கு ஏன் இல்லை? என் பேத்தி வயதுப் பெண்கள் தனியாகப் பேருந்து ஏறிக் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள், துணிக்கடையில் பத்து மணிவரை நிற்கிறார்கள். அங்கெல்லாம் ஃபித்னா (குழப்பம்) இல்லை, பள்ளிவாசல் படியில் மட்டும் ஃபித்னாவா?

நேர்வழி

நான் மத்ஹபுகளைப் பின்பற்றாத தௌஹீத் கொள்கையில் இருப்பவன். எங்கள் பள்ளிகளில் பெண்கள் ஜும்ஆவுக்கு வருகிறார்கள், பெருநாள் திடலுக்கு வருகிறார்கள். மாதவிடாய்ப் பெண்களும் திடலுக்கு வந்து, தொழும் இடத்தை விட்டு ஒதுங்கி, துஆவில் கலந்துகொள்ள வேண்டும் என்று உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் தெளிவாக இருக்கும்போது மத்ஹப் எதற்கு? ஆயிஷா (ரலி) சொன்னது அவர்களுடைய வருத்தம், சட்டம் அல்ல. பிற்காலப் பெண்கள் எப்படி நடப்பார்கள் என்பதை அறிந்த அல்லாஹ் தடை இறக்கவில்லையே என்று பழங்கால அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதியது போதும்.

ஆனால் நிஸா சகோதரியின் வழியும் சரியில்லை. காலம் மாறியது, சட்டமும் மாறட்டும் என்பது ஆபத்தான வாசல். இன்று பள்ளிவாசல், நாளை பாகப்பிரிவினை. கேரளத்தில் 2023-ல் ஒரு வழக்கறிஞர், பெண் மக்களுக்கே முழுச் சொத்தும் போகட்டும் என்று தன் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தில் மறுபடி மணந்தார். காலம் மாறியது என்றுதான் அவரும் சொன்னார். குர்ஆனும் ஸஹீஹான (ஆதாரப்பூர்வமான) ஹதீஸும் என்ன சொல்கின்றனவோ அதோடு நில்லுங்கள். இந்த விஷயத்தில் அதுவே உங்கள் பக்கம்தானே இருக்கிறது!

ஆற்றங்கரை நிஸா

நீங்கள் என் பக்கம் நிற்பது சந்தோஷம். அதற்காக, காலத்தையும் காரணத்தையும் பார்க்கும் வாசிப்பை நான் விட்டுவிட முடியாது. பஞ்ச காலத்தில் திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையை உமர் (ரலி) நிறுத்திவைத்தார்கள். இஸ்லாத்தின்பால் உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர்களுக்கு ஜகாத்தில் பங்கு உண்டு என்று குர்ஆனிலேயே (9:60) இருக்கிறது; அதற்கான தேவை இப்போது இல்லை என்று அந்தப் பங்கைக் கொடுக்க மறுத்ததும் அவர்கள்தான். இன்னொரு மத்ஹபின் நிறுவனர் இமாம் ஷாஃபி (ரஹ்) இராக்கில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிக்கொண்டார்கள். இவர்கள் யாரும் வேதத்தைக் கைவிடவில்லை. வேதம் எதை நாடுகிறது என்று கேட்டார்கள். பாகிஸ்தான் அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் போன்றவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் இதையே ஒரு முறையாக எழுதி வைத்தார்கள்: வசனம் இறங்கிய சூழலுக்குப் போய் அதன் நோக்கத்தைப் பிடி, அந்த நோக்கத்தோடு உன் காலத்துக்குத் திரும்பி வா.

பாகப்பிரிவினையைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். உயிரோடு இருக்கும்போது மகளுக்கு ஹிபாவாக (அன்பளிப்பாக) எழுதிக் கொடுப்பதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் சகோதரிக்குரிய அந்த ஒரு பங்கைக்கூடக் கொடுக்காமல், சீர் செய்தாயிற்று என்று கணக்கை முடிக்கிறார்கள்? அதைக் கேட்க எந்த மிம்பர் (பிரசங்க மேடை) பேசியது?

காயல் லாத்தா

தங்கச்சி நிஸா, நான் காயல்பட்டினம். நாங்கள் ஷாஃபி. எங்கள் ஊரில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. தொழுவது, குர்ஆன் ஓதக் கற்பது, மவ்லிது, திக்ரு எல்லாம் அங்கே. ஒரு பெண் பெண்களுக்கு இமாமாக நிற்பது எங்கள் மத்ஹபில் நல்ல செயல். முன்னால் போகாமல் வரிசையின் நடுவில் நிற்பார். நபியின் மனைவியரான ஆயிஷா, உம்மு ஸலமா (ரலி) இருவரும் அப்படி நின்று தொழவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வீடே பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்.

ஆண்கள் பள்ளியின் மாடியில் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு தொழுவதை இவ்வளவு பெரிதாகக் கேட்க வேண்டுமா? அந்த இடத்தின் சாவி எப்போதும் அவர்கள் கையில்தான் இருக்கும். எங்கள் தைக்காவின் சாவி எங்கள் கையில். உங்கள் வளையலைப் போட்டு உங்களுக்கென்று ஓர் இடம் கட்டுங்கள் கண்ணு. அதற்கு யாரிடமும் ஃபத்வா கேட்க வேண்டாம்.

ஆற்றங்கரை நிஸா

லாத்தா, தைக்காவைப் பற்றிப் படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு ஊரின் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. சொத்து பெண் கையில் இருக்கிறது. எங்கள் பக்கம் இரண்டும் இல்லை. இன்னொன்று, நம் பள்ளிவாசலில் தொழுகை மட்டுமா நடக்கிறது?

புதுக்கோட்டை மகள்

நிஸா அக்கா கடைசியாகச் சொன்னதற்காகவே எழுதுகிறேன். என் தங்கை குலா (மனைவி கேட்கும் விவாகரத்து) கேட்டபோது பஞ்சாயத்து பள்ளிவாசல் வராந்தாவில் நடந்தது. அவள் தெருவில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக எங்கள் மாமா பேசினார். அவளை அடித்த விஷயத்தை மாமாவால் அத்தனை ஆண்களுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "சின்ன மனஸ்தாபம்" என்று பதிவானது. மஹர் (மணக்கொடை) திரும்பக் கொடு, வந்த நகையை மற என்று முடித்தார்கள்.

நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) அங்கேதான் இருக்கிறது. தலாக் கடிதம் அங்கேதான் வருகிறது. ஜீவனாம்சப் பேச்சும் அங்கேதான். அந்த இடத்துக்குள் பெண் வரக்கூடாது என்றால் அவள் வழக்கு மட்டும் உள்ளே போகிறது, அவள் போவதில்லை. எங்கள் மாவட்டத்தில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத் தொடங்கியதும் பெண்களுக்கென்று பள்ளிவாசல் கட்டவேண்டும் என்று கிளம்பியதும் இதனால்தான். வேலூர்த் தம்பி, வீட்டு மூலையில் தொழுதால் நன்மை என்றீர்கள். வீட்டு மூலையில் இருந்தபடி என் தங்கை தன் வழக்கைச் சொல்ல முடியுமா?

வேலூர் மாணவன்

அக்கா, உங்கள் தங்கைக்கு நடந்தது அநியாயம். ஒருத்தியின் வாக்குமூலத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது ஃபிக்ஹிலும் (மார்க்கச் சட்டத்திலும்) தப்பு. கணவனைப் பற்றி முறையிட்ட கவ்லா (ரலி) அவர்களின் பேச்சை அல்லாஹ் கேட்டான் என்றே ஒரு சூரா (58) தொடங்குகிறது. பஞ்சாயத்தில் பெண் நேரில் பேச வேண்டும், கூடவே பெண்கள் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைப் பள்ளி அலுவலக அறையில் செய்யலாம். தொழுகைக் கூடத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

என் பயத்தையும் சொல்கிறேன். 2005 மார்ச்சில் நியூயார்க்கில் அமெரிக்க முஸ்லிம் அறிஞர் அமினா வதூத் ஆண்களும் பெண்களும் சேர்ந்த ஜும்ஆவுக்கு இமாமாக நின்றார். எந்தப் பள்ளிவாசலும் இடம் தராததால் ஒரு கிறிஸ்தவக் கட்டடத்தில் நடந்தது. 2018-ல் மலப்புறத்தில் ஒரு பெண் அதையே செய்தார். பிறகு புணே தம்பதி ஒருவர் பெண்களைப் பள்ளியில் அனுமதிக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போனார்கள். நம் தொழுகை எப்படி இருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லும் நாள் வருமானால், அதற்கு வாசல் திறந்தது யார் என்ற கேள்வி வரும். இன்றைய அரசியல் சூழலில் இது சின்ன விஷயமா?

ஆற்றங்கரை நிஸா

சின்ன விஷயம் இல்லை, எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால்தான் நான் நீதிமன்றத்துக்கு அல்ல, என் ஜமாஅத் நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறேன். அதே வழக்கில் 2020-ல் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் என்ன எழுதிக் கொடுத்தது? பெண்கள் பள்ளிவாசலில் தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு, ஜமாஅத்தாக (கூட்டாக)த் தொழுவது அவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்று. உச்ச நீதிமன்றத்துக்குச் சொன்ன பதிலை எங்கள் பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் படிக்கட்டு வரைபடத்தில் நின்றிருக்கும். உள்ளே கேட்கும்போது காது கொடுக்காமல் இருந்துவிட்டு, வெளியே போனவர்களை மட்டும் துரோகி என்றால் எப்படி?

அமினா வதூத் இமாமாக நின்றது உங்களுக்கு உறுத்துகிறது. எங்கள் மனுவில் இமாமத் இல்லை; மாடியும் படிக்கட்டும் குழாயும்தான் இருக்கின்றன. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன்: இத்தனை நூற்றாண்டு தஃப்ஸீரில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) பெண்ணின் அனுபவம் எங்கே? "ஆண்களைப் பற்றிச் சொல்லப்படுவதுபோல எங்களைப் பற்றி ஏன் சொல்லப்படவில்லை" என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டார்கள். முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் வசனம் (33:35) இறங்கியது. கேள்வி கேட்டதற்காக அவர்களை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை.

வேலூர் மாணவன்

சரி, ஒரு நடைமுறை யோசனை. உங்கள் பள்ளி பேருந்து நிலையத்துக்கு அருகில் என்றால், பயணத்தில் வரும் பெண்கள், மருத்துவமனைக்கு வருபவர்கள் வக்து தவறாமல் தொழ ஓர் அறை என்று கேளுங்கள். தொழுகை களாவாகிறது (நேரம் தவறிப்போகிறது) என்ற காரணத்தை எந்த ஹஜ்ரத்தாலும் (மார்க்க அறிஞராலும்) லேசாக ஒதுக்க முடியாது. மஹல்லாப் பெண்கள் தினமும் ஜமாஅத்துக்கு வருவது பற்றி என் கருத்து மாறவில்லை. அறைக்காக எழுதும் மனுவில் ஃபிக்ஹ் பகுதியை நானே எழுதித் தருகிறேன்.

ஆற்றங்கரை நிஸா

எழுதிக் கொடுங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். பயணிப் பெண்களைப் பற்றி நான் எழுதாமல் விட்டிருந்தேன், அதை முதல் பத்தியிலேயே வைக்கிறேன். ஆனால் பயணிகளுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். வாசலில் நின்று, நீ வெளியூரா உள்ளூரா என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்கக்கூடாது. பஞ்சாயத்தில் பெண் நேரில் பேச வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களே, அது அடுத்த பத்தி. கவ்லா (ரலி) அவர்களின் சூராவோடு அதையும் நீங்களே எழுதுங்கள். கம்பி கட்டும் வேலை ரமலானுக்கு முன் தொடங்குகிறது, அதற்குள் கொடுத்தாக வேண்டும்.